வாரண்டி போகலைங்க

உங்களுது எத்தனாம் நம்பருங்க தம்பி? நாப்பத்தி மூணா? அப்பச் சரி, நல்லாச் சாஞ்சு உக்காருங்க. என்றது முப்பத்தெட்டு. இப்ப ஓடுறது முப்பத்தஞ்சு. அந்த முப்பத்தஞ்சும் ஒரு மணி நேரமா ஓடுது. உள்ள என்னதான் பண்றாங்கன்னு கேக்கறீங்களா? என்ன பண்ணுவாங்க? ஒரு ஸ்குரூவைக் கழட்டிட்டு டீ குடிக்கப் போவாங்க. வந்து இன்னொரு ஸ்குரூ. சட்டையில கம்பெனி பேரு இருக்கும், கழுத்துல அட்டை தொங்கும், தலைக்கு மேல ஏசி ஓடும். ஸ்குரூ டிரைவர் பிடிக்க மட்டும் தெரியாது. போன தடவை அந்தக் கண்ணாடி வழியாப் பாத்தனுங்க. டிரைவரை நட்டமா வெச்சு, ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் திருப்போணும். இவன் பாட்டுக்குக் காது குடையற மாதிரி திருப்பறான்.

மடியில என்னங்க, லேப்டாப்பா? வாரண்டி இருக்குதா? முடிஞ்சு போச்சா? அப்ப உங்களை ஒரு மனுசனாவே மதிக்கமாட்டாங்க. இருந்தா மட்டும் மதிக்கறாங்களாக்கும்? எங்களுதுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்குது. இதோட மூணாவது தடவை இங்க வருது.

எம்பேரு நாச்சிமுத்துங்க. நிட்டிங் மிஷின் மெக்கானிக்கு. இதே திருப்பூர்ல, ஒரே பனியன் கம்பெனியில முப்பத்தோரு வருசம். ஒரு மிஷினுக்கு ரெண்டாயிரம் ஊசி இருக்கும் தம்பி. அதுல ஒண்ணே ஒண்ணு வளைஞ்சாலும் துணி பூராக் கோடு விழுந்துரும். நான் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கத்து ஊசின்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட கையி இது. இந்த வருசம் மார்ச்சுல புது மிஷின் எறக்குனாங்க. பூராக் கம்ப்யூட்டரு. அதோட ஒரு இஞ்சினியரும் வந்து எறங்குனான். நான் சும்மா மூடி மேல கைய வெச்சேன், அவ்வளவுதான், "பெரியவரே, தொடாதீங்க"ன்னான். தொடாதீங்களாமா! மொதலாளி பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருக்கறாரு. அந்த மாசக் கடைசியிலயே போதும்டா சாமின்னு வந்துட்டேன். யாருக்கு வேணும் அவிங்க மிஷினு?

அது கிடக்கட்டும், சோலிக்கு வர்றேன். லேப்டாப்பு என்ற மருமகளுது. தாரணின்னு பேரு. பனியன் மேல பூவு, பொம்மையெல்லாம் நூல்ல போட்டிருக்கும் பாருங்க, எம்பிராய்டரி, அதுக்கு டிசைன் போட்டுக் குடுக்கறா. ஊட்டுல உக்காந்துட்டேதான். மூணு கம்பெனி ஆர்டர் கையில இருந்துது. ஆனா லேப்டாப்பு ஒரே எழவு. ஒரு டிசைனைத் தொறக்கச் சொல்லிட்டு நீங்க குளிச்சு, சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திட்டே இருக்கும்.

என்ற பையன் லோகு, "கடையில குடுத்து ரேம் போட்டுக்கலாம்"ங்கறான். எம்.பி.ஏ. படிச்சவன். ட்யூப் லைட் எரியலைன்னா எலெக்ட்ரீசியனுக்குப் போன் போடற ஆளு. எதுக்குடா கடை, நான் மாத்தறேன்னேன். மூஞ்சியே கோணிப் போச்சு அவனுக்கு. "அப்பா, தொறந்தா வாரண்டி போயிரும். நீங்க அதைத் தொடாதீங்க." கேட்டீங்களா? பெத்த பையனும் அதே பாட்டைத்தான் பாடறான்.

அவதான், தாரணிதான், "மாமாவே மாத்தட்டுமுங்க"ன்னா. அவளுக்கென்ன, கடைக்கு அலையற வேலை மிச்சம்னு நெனச்சிருப்பா.

நான் கண்ணை மூடிட்டுக் கைய விடற ஆளு இல்லீங்க. மொதல்ல அந்த வாரண்டிப் புஸ்தகத்தை எடுத்து மூணு தடவை படிச்சேன். எழுத்து எறும்பு சைஸுக்கு இருக்குது, படிக்கக் கூடாதுன்னே அடிச்சிருக்கான். அதுலயே தெளிவாப் போட்டிருக்குது, எந்தப் பார்ட்ஸை நம்ம மாத்தலாம், எதைத் தொடக்கூடாதுன்னு. கடைக்காரன் எவனாச்சும் இதைச் சொல்லுவானா? சொன்னா அவன் பொழப்பு என்னாகறது? அப்பவும் நான் நம்பலை. கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேட்டேன். பதில் வந்துது. இந்தாங்க, பிரிண்ட் எடுத்துக் கவர் போட்டு வெச்சிருக்கேன். செவப்புல கோடு போட்ட எடத்தைப் படிங்க. 'இந்த மாடலில் ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டையும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம். அதனால் வாரண்டி பாதிக்கப்படாது.' எப்படி? அடுத்த வரியா? அது என்னமோ, மாத்தறப்ப வாடிக்கையாளர் கைப்பட ஏதாச்சும் கெட்டா அவரே பொறுப்புன்னு போட்டிருக்கும். அதெல்லாம் சும்மா எல்லாக் காயிதத்துலயும் போடறதுதாங்க. நீங்க கோடு போட்ட வரைக்கும் படிங்க, போதும்.

யூடியூப்லயும் பாத்தேன். கர்மம். ஒருத்தன் பல்லுல கடிச்சுட்டு ஸ்குரூ கழட்டறான். இன்னொருத்தன் கழட்டுன ஸ்குரூவை மேசை மேல அப்படியே கொட்டறான். எதை எங்க போடுவான் மாட்டறப்ப? நான் இட்லித் தட்டை எடுத்துட்டு வந்தேன். பதினோரு ஸ்குரூ, மூணு அளவு. எந்த மூலையில எது இருந்துதோ, அந்தந்தக் குழியில அது. எங்க ஊட்டுக்காரி, "ஐயோ, இட்லித் தட்டுங்க"ன்னு கத்தறா. இட்லியை நாளைக்குச் சுட்டுக்கலாம் போடின்னேன். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்புல இருக்கற கரண்டை எறக்கிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரமாச் சொருகி மூடியத் தூக்கினேன். ஒரு கீறல் இல்லை. பேட்டரி வயரைக் கழட்டி ஒதுக்கினேன். பழைய ரேமைக் கழட்டிக் கவர்ல போட்டு, பில்லோட சேத்து வெச்சேன். புதுசை வெச்சு அமுக்கினேன். டக்குன்னு ஒரு சத்தம் வந்துது பாருங்க. அந்தச் சத்தம் கேட்டு ஏழு மாசம் ஆச்சு தம்பி எனக்கு.

தாரணி பக்கத்துலயே நின்னு செல்போன்ல போட்டோ எடுத்துட்டா. நான் என்னமோ சிரிச்சிருப்பேன் போல. அதைக் கொண்டு போய் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கறா, 'எங்க மாமா'ன்னு எழுதி. அதுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடற பொம்மை அனுப்பறாங்க. இதெல்லாம் ஒரு வேலையா? வேலை வெட்டி இல்லாத சனம்.

அன்னிக்கே மூடலைங்க நான். ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் இருந்துது. எங்க கம்பெனியில ஒரு முறை உண்டு. பூஜை நெருங்கறப்பப் புதுப் பார்ட்ஸ் மாட்டினா, பூஜை வரைக்கும் மிஷினை ஓட்டமாட்டோம். பூஜையன்னைக்கு மூடியக் கழட்டி, உள்ள ஓடற பார்ட்ஸுலதான் பொட்டு வெப்போம். மூடி மேல வெக்கறதெல்லாம் ஆபீஸ்காரங்க பண்றது. மூடியா வேலை செய்யுது? எங்க ஊட்டுக்காரி குங்குமத்தை எடுத்துட்டு நேரா மூடிகிட்ட வர்றா. அக்கட்டால போன்னுட்டு நானே வெச்சேன். கடைச் சந்தனம் இல்லீங்க, கல்லுல நானே உரைச்சது. பன்னீர் விட்டு, நல்லாக் கொழகொழன்னு. புது ரேம் நெத்தியில வட்டமா ஒரு பொட்டு, அதுக்கு மேல குங்குமம். பொரி, கடலை, சூடம் எல்லாம் முடிச்சு, அப்படியே மூடி, பதினோரு ஸ்குரூவையும் முடுக்கி, பட்டனை அமுக்கினேன். அடேங்கப்பா! தாரணி டிசைனைத் தொட்டாத் தொறக்குது.

எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? சந்தனம் வெச்சதுக்கா? படிச்சவங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். இருங்க, கதையைக் கேளுங்க.

பன்னெண்டு நாள் குதிரை மாதிரி ஓடுச்சு. பதிமூணாம் நாள் வெடியக்காலையில பட்டனை அமுக்கறா, ஒண்ணுமே இல்லை. இருட்டு. லோகு கொண்டாந்து இங்க குடுத்தான். நான் வர்றேன்னதுக்கு, "வேண்டாங்கப்பா, நீங்க சண்டை போடுவீங்க"ன்னான். நாலு நாள் கழிச்சு வாங்கப் போனவன் நானு. இந்தப் பொண்ணு, அதோ பச்சைச் சுடிதாரு, அதுதான் ஒரு காயிதத்தை நீட்டுச்சு. என்ன எழுதியிருக்குது? 'உள்ளே திரவம் பட்ட சேதம். வாரண்டி பொருந்தாது. உரிமையாளர் ரிப்பேருக்குச் சம்மதம்.' திரவமாம்! கம்ப்யூட்டர்ல போட்டோ காட்டுச்சு. தூரத்துல இருந்தே தெரிஞ்சு போச்சு எனக்கு, உள்ள செவப்பா ஒரு வட்டம். நான்தான் எல்லாம் படிச்சவனாச்சே. லேப்டாப்புக்குள்ள வெள்ளையா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, தண்ணி பட்டா அது செவந்துரும். அதுதான் செவந்திருக்குது. ஆக, தண்ணி கொட்டியிருக்குது. யாரு கொட்டுனது? மேசை மேல எப்பப் பாத்தாலும் தண்ணி பாட்டில் வெச்சிருக்கறது யாரு?

அவளேதான் சம்மதமும் குடுத்திருக்கறா பாருங்க, குட்டு வெளிய வந்துரக் கூடாதுன்னு. நான் விடுவனா? ஒரு ஸ்குரூவைத் தொடக்கூடாது, ரிப்பேர்னா வாரண்டியிலதான் பண்ணோணும், நான் மெயில் வெச்சிருக்கேன்னு சண்டை போட்டு அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். தண்ணி ஊத்துனியா அம்மிணின்னேன். ஒரு நிமிசம் என்ற மூஞ்சியவே பாத்தா. பாத்துட்டு, "தெரியாமப் பட்டிருக்குமுங்க மாமா"ன்னா. அவ்வளவுதான். ஒரு மன்னிப்புக் கூடக் கேக்கலை. நான் ராப்பகலா ரோசனை பண்ணிப் பண்ணுன வேலையைத் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு, தெரியாமப் பட்டிருக்குமாம்!

எங்க ஊட்டுக்காரி, "அந்தப் புள்ளை அப்படிப் பண்ணாதுங்க"ங்கறா. இவளுக்கு என்ன தெரியும், மிக்ஸியைப் போடத் தெரியும்.

அந்த வாரம் தீபாவளி. தாரணி அம்மா தாராபுரத்துல இருந்து சீர் கொண்டு வந்திருந்தாங்க, கூட நாலு ஒறம்பரை. முறுக்குத் தட்டை வெச்சுட்டு எல்லாரும் உக்காந்திருக்கறாங்க. அந்தம்மா, "போட்டோ பாத்தேனுங்க சம்பந்தி, லேப்டாப்பெல்லாம் நீங்களே பண்ணறீங்களாமா"ன்னு கேட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். நான் பண்ணுன வேலை சுத்தமுங்க, உங்க பொண்ணுதான் தண்ணியக் கொட்டிக் கெடுத்துட்டு வாயத் தொறக்க மாட்டீங்குது, வளத்த வளப்பு அப்படின்னேன். பொய்யாங்க? அந்தம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. தாரணி முறுக்குத் தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. அடுத்த நாள் காலையில அம்மாவோட ஒட்டுக்காப் பஸ் ஏறிட்டா. அங்க சித்தப்பன் பையன் கம்ப்யூட்டர் இருக்குதாமா, அதுல ஆர்டர் முடிக்கறாளாமா. மூணுல ரெண்டு கம்பெனி வேற ஆளைப் பாத்துட்டாங்கன்னு லோகு சொல்றான். லேப்டாப்பு என்ற பீரோவுல பூட்டிக் கிடந்துது. வாரண்டியை ஒத்துக்காம நான் எப்படி ரிப்பேருக்கு விடுவேன்? நாயம்னு ஒண்ணு இருக்குதில்ல?

மூணு வாரம் ஆச்சு. லோகு இப்ப என்ன சொல்றான் தெரியுங்களா? பல்லடம் ரோட்டுல வீடு பாத்துட்டானாமா. வர்ற ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறாங்களாமா, தனிக்குடித்தனம். ஒரே பையனுங்க. எங்க ஊட்டுக்காரி அழுகறா. போகட்டுமேன்னேன். பொண்டாட்டி தண்ணியக் கொட்டுவா, இவன் பால் காய்ச்சுவான். போகட்டும். நான் வாரண்டியை வாங்கி, அந்தக் காயிதத்தை அவங்க மூஞ்சியில...

முப்பத்தெட்டு. எனக்குத்தானுங்க. லேப்டாப்பை எடுத்துக்கறேன், பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி. கண்ணாடி வழியாப் பாருங்க, உள்ள போய் எப்படி வாங்கறேன்னு.

*

இருக்கீங்களா தம்பி? இன்னும் உங்களைக் கூப்பிடலையா? கூப்பிடமாட்டாங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க, உக்காந்துக்கறேன்.

வாரண்டி போகலைங்க. அந்த இஞ்சினியரே சொல்லிட்டான். "நீங்க சொல்றது சரிதான் சார், ரேம் மாத்தினதுக்காக வாரண்டி போகாது, மத்த எல்லாத்துக்கும் இருக்குது"ன்னான். மெயிலைக் கையில வாங்கிப் படிச்சான். ரெண்டாவது வரியையும் படிச்சான். எழுதியும் குடுத்துட்டான், இந்தாங்க, முத்திரை போட்டு.

தண்ணி வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறீங்களா? வேண்டாம் தம்பி. உக்காருங்க.

என்ற முன்னாடியே மூடியத் தொறந்தான். பெரிய லென்ஸு வெளக்கு ஒண்ணு இருக்குது, அதை எறக்கி, "பாருங்க சார்"ன்னான். அந்த ஸ்டிக்கர் வெள்ளை வெளேர்னு இருக்குதுங்க. ஒரு சொட்டுத் தண்ணி படலை அதுல. செவப்பு அதுக்குப் பக்கத்துல. ரேம் மேல. வட்டமா. ஒரு பஞ்சை எடுத்து நனைச்சு ஒத்தி எடுத்தான். செவப்பு பஞ்சுல வந்துருச்சு. அடியில மஞ்சளாக் காஞ்சு போய், ஸ்லாட்டுக்குள்ள எறங்கி, பல்லு பல்லா இருக்குமில்ல அந்தத் தகடு, அதெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. வாசனை வந்துது. அந்த ஏசி ரூம்ல, லேப்டாப்புக்குள்ள இருந்து, பன்னீரும் சந்தனமும்.

நீங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டீங்கல்ல? அதான் அப்படிப் பாத்தீங்க. சொல்லியிருக்கலாமில்ல? ம். நான் எங்க உங்களைப் பேச விட்டேன்.

அதோட விட்டிருந்தாக் கூடப் பரவால்லீங்க. வாய் சும்மா இருக்குதா? "இதை மொதல்லயே எழுதறதுக்கென்ன, திரவம்னு எழுதி என்ற ஊட்டையே ரெண்டாக்கிட்டீங்களே"ன்னு அந்தப் பச்சைச் சுடிதார்ப் பொண்ணுகிட்டப் பாஞ்சேன். அது பயந்துட்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுச்சு. "சார், மொத நாளே மேடத்துக்குப் போட்டோ அனுப்பிட்டோம். மேடம்தான் போன் பண்ணி, பொட்டுன்னு எழுதாதீங்க, திரவம்னு மட்டும் எழுதுங்க, ரிப்பேரை நானே பாத்துக்கறேன்னு சொன்னாங்க"ங்குது. ஏன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்குச்சு. அப்பறம் சொல்லுச்சு. "எங்க மாமா வேலைய விட்டதுக்கப்பறம் இப்பத்தான் சிரிச்சாருங்க, அவரு கையாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா இனி ஒண்ணையுமே தொடமாட்டாருன்னு சொன்னாங்க சார்."

அந்தப் புள்ளைக்கு மொத நாளே தெரியும். நான் தண்ணி ஊத்துனியான்னு கேட்டப்பத் தெரியும். அவங்கம்மா முன்னாடி நான் வளப்பைப் பேசறப்பவும் தெரியும். முறுக்குத் தட்டை எடுத்துட்டுப் போச்சே, அப்பவும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு ஒறம்பரை முன்னாடி நான் நாறிப் போயிருப்பேன். என்னைப் பாத்துப் பாவப்பட்டிருக்குதுங்க. எல்லாரையும் நான் இளப்பமாப் பேசிட்டுத் திரியறேன், அது என்னைக் காப்பாத்திட்டு இருந்திருக்குது.

இப்ப அந்தக் காயிதத்தை மாத்தி எழுதோணும்னேன். திரவம்னு இருக்கறதை அடிச்சுட்டு, நாச்சிமுத்து பொட்டு வெச்சதால கெட்டுச்சுன்னு எழுதுங்க, என்ற பேரைப் போட்டே எழுதுங்கன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, "மாத்தறதுக்கும் ரிப்பேருக்கு எடுக்கறதுக்கும் உரிமையாளர் நம்பருக்கு ஓடிபி போகும் சார், அதைக் கேட்டுச் சொல்லுங்க"ங்குது. உரிமையாளர் தாராபுரத்துல இருக்குது. மூணு வாரமா நான் ஒரு போன் பண்ணலை. ஓடிபியை அனுப்பிட்டாங்க, பத்து நிமிசம்தான் செல்லுமாமா அந்த நம்பரு. இதுலயே நாலு நிமிசம் உங்ககிட்டப் பேசிட்டுக் கிடக்கறேன்.

நீங்க பேசறீங்களா தம்பி? சர்வீஸ் சென்டர்ல இருந்துன்னு... இல்லை இல்லை, வேண்டாம். விடுங்க. புத்தி எங்க போகுது பாருங்க, இப்பவும்.

ரிங்கு போகுது.

ஹலோ. ஆமா, நான்தான் அம்மிணி. மாமா. சாப்பிட்டியா... நல்லாருக்கேன், நல்லாருக்கேன். சர்வீஸ் சென்டர்ல இருந்துதான். ஆமா, ஓடிபி அவங்க அனுப்புனதுதான். இரு, நம்பரை இப்பச் சொல்லாதே. அது அப்பறம். நான் சொல்றதைக் கேளு மொதல்ல. அந்தப் பொட்டு நான் வெச்சது... உனக்குத் தெரியும், ஆமா. எனக்கு இப்பத்தான் சாமி தெரிஞ்சுது. இல்லை, வெக்காதே, போனை வெச்சுராதே. அம்மா பக்கத்துல இருக்காங்களா? அன்னைக்கு வந்த ஒறம்பரை யாராச்சும் இருக்காங்களா? கூப்பிடு. எல்லாத்தையும் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கர்ல போடு.